அடி விழுந்தது பின்மண்டையில், மணம் போனது மூக்கில்: இது எப்படி?

கேட்டவர் தேனி மாவட்டத்துக் கூடலூர்க்காரத் தம்பி ஒருவர். அவருடைய அம்மாவுக்கு 56 வயது. முப்பது வருடமாக விடியற்காலை ஜீப்பேறி, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர். மூன்று வாரத்துக்கு முன் தோட்டத்து ஸ்டோர் படியில் ஈரத்தில் வழுக்கி மல்லாக்க விழுந்திருக்கிறார். பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதியிருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் நினைவில்லை. சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவும் இல்லை, ரத்தக்கட்டும் இல்லை என்று மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அம்மாவுக்கு எந்த மணமும் தெரியவில்லை. ஏலக்காயை மென்றால் "குளுகுளுன்னு இருக்கு, ஆனா ஏலக்கா வாசம் இல்லை" என்கிறாராம். சாப்பாடு சக்கை மாதிரி இருக்கிறதாம். பின்னால் பட்ட அடிக்கு முன்னால் இருக்கும் மூக்கு ஏன் கெட வேண்டும், ஸ்கேன் நன்றாக இருக்கும்போது அம்மா சொல்வது வெறும் மனப்பிரமையா என்று கேட்கிறார்.

பிரமை இல்லை தம்பி. வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். அம்மா சொல்கிற அந்த "குளுகுளு" கூட மிகத் துல்லியமான தகவல். அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் வைத்தியம் பார்க்கிறவன் இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு அனாடமி நடத்தி ஓய்வு பெற்றவன். மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசியே காலம் போயிற்று. அதனால் பதிலையும் மண்டையோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மண்டையோடு ஒரே எலும்பு இல்லை. காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளைச் சேர்க்காமல் 22 எலும்புகள். மூளையைச் சுற்றிப் பெட்டிபோல நிற்பவை 8, முகத்தில் 14. இவற்றில் தாடை எலும்பு ஒன்றுதான் அசையும். மற்றவை ரம்பப் பல்லைப் பல்லோடு கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக் கிடக்கின்றன. பிறக்கும்போது இந்தப் பூட்டு விழுந்திருக்காது. அதனால்தான் குழந்தை பிறப்புவழியில் வரும்போது தலை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது. அம்மாக்கள் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி என்பது எலும்புகள் இன்னும் சேராத இடம். பெரும்பாலும் ஒன்றரை வயதை ஒட்டி மூடிக்கொள்ளும்.

வகுப்பில் நான் எப்போதும் செய்கிற ஒரு வேலை உண்டு. மண்டையோட்டின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். மேல்மூடி கனமானது. வெளியே ஒரு கெட்டி ஓடு, உள்ளே ஒரு கெட்டி ஓடு, நடுவில் பஞ்சுபோல ஓட்டை ஓட்டையான எலும்பு. அடித்தளம் அப்படி இல்லை. கண்குழிகளுக்கு மேற்கூரையாக இருக்கும் எலும்பு, வெளிச்சம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லியது. இரண்டு கண்குழிக்கும் நடுவில், மூக்குக்கு நேர் மேலே ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் பொடிப் பொடியாகத் துளைகள். வெளிச்சத்தில் பார்த்தால் நட்சத்திரம் சிதறியதுபோல் தெரியும். கடுகுகூட நுழைய மாட்டாத துளைகள். அந்த எலும்புக்கு எத்மாய்டு என்று பெயர். கிரேக்க மொழியில் அது சல்லடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஸ்டோரில் காயைத் தரம் பிரிக்கிற சல்லடையைத் தினமும் பார்க்கிற அம்மாவிடம், "உன் மூக்குக்கு மேலே அதைவிடப் பொடிச் சல்லடை ஒன்று இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

மணத்தின் பாதை இந்தச் சல்லடை வழியாகத்தான். மூக்கின் உச்சியில், ஒரு தபால்தலை அளவு சவ்வில், மணத்தை உணரும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பட்டு நூலைவிட மெல்லிய இழைகள், பக்கத்துக்கு இருபது கற்றை வாக்கில், இந்தத் துளைகளுக்குள் ஏறி, மேலே உட்கார்ந்திருக்கும் மணக்குமிழைச் சேர்கின்றன. அந்தக் குமிழ் மூளையின் ஒரு பகுதி. அதாவது மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய தகடும், அதில் கோத்த நூல்களும்தான். மூளையிலிருந்து நேராகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் முதல் ஜோடி இது.

இனி மூளை. குமுளிக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் மூளையைத் 'தலச்சோறு' என்பார்கள். முதன்முதலில் கேட்கும் நம் ஆட்கள் சிரிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அது நம்முடைய பழைய வார்த்தைதான். தமிழில் சோறு என்றால் வடித்த அரிசி மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் மெத்தென்ற சதைக்கும் அதுதான் பெயர். சோற்றுக்கற்றாழையில் உள்ள சோறு அதுதான். தலைக்குள் இருக்கும் சோறு என்பது உயிரோடு இருக்கும் மூளைக்கு அவ்வளவு பொருத்தம். எங்கள் மாணவர்கள் பார்மலின் என்ற, கெடாமல் வைக்கும் திரவத்தில் ஊறிய மூளையைத்தான் பார்ப்பார்கள். அது ரப்பர் மாதிரி விறைத்திருக்கும். அதைப் பார்த்து மூளையே கெட்டியான பொருள் என்று நினைத்துவிடுவார்கள். கறிக்கடையில் அன்றைக்கு அறுத்த ஆட்டு மூளையைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும். அழுத்தினால் விரல் பதியும். கொஞ்சம் வேகமாக வைத்தால் தன் எடையிலேயே தட்டையாகும்.

மனித மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடையில் அந்த மாதிரி ஒரு பொருள். அது எலும்பின் மேல் அப்படியே உட்கார்ந்தால் தன் பாரத்தில் தானே நசுங்கிவிடும். அதனால் தண்ணீரில் மிதக்கிறது. மூளையைச் சுற்றியும், மூளைக்கு நடுவிலுள்ள அறைகளிலும், முதுகுத்தண்டிலுமாகச் சேர்த்து 150 மில்லி தெளிந்த நீர் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் வரை புதிதாக ஊறி, பழையது ரத்தத்தில் வடிகிறது. அந்த நீரில் மிதக்கும்போது மூளையின் பாரம் 50 கிராம் அளவுதான் உணரப்படும். கிணற்றுக்குள் இருக்கும்வரை லேசாக வரும் குடம், நீருக்கு மேலே வந்ததும் கனக்கிறதே, அதே கணக்கு. மூளைக்கும் எலும்புக்கும் நடுவே மூன்று உறைகள் உண்டு. வெளியே தோல்பைபோலத் தடித்த டியூரா, நடுவில் சிலந்தி வலைபோல அரக்னாய்டு, மூளையை ஒட்டிக்கொண்டே போகும் மெல்லிய பயா. நீர் இருப்பது பின் இரண்டுக்கும் நடுவில்.

சரி, பின்னால் அடித்தால் என்ன ஆகிறது? கொப்பரை முற்றி, ஓட்டைவிட்டுப் பருப்பு கழன்ற தேங்காயைக் குலுக்கினால் உள்ளே உருளும் சத்தம் கேட்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தலை வேகமாகப் பின்னால் போய்த் தரையில் டக்கென்று நின்றுவிடுகிறது. மூளை நிற்கவில்லை. மலைப்பாதையில் டிரைவர் பிரேக் போட்டால் ஜீப்பில் இருப்பவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்வதுபோல, உள்ளே அது முன்னும் பின்னும் ஆடுகிறது. பின்பக்கம் மண்டையின் உட்சுவர் வழுவழுப்பானது. மோதினாலும் பெரிதாகக் கிழிக்காது. முன்பக்கத் தரை அப்படி இல்லை. கண்குழிக் கூரையின் மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக, கொத்திப் போட்ட அம்மிக்கல் மாதிரி இருக்கும். மூளையின் முன்மடல் அதன் மேல் உராய்கிறது. அந்த உராய்வில் மணக்குமிழும் சேர்ந்து நகர்கிறது. குமிழ் நகர்ந்தால், கீழேயிருந்து சல்லடைத் துளை வழியே வரும் இழைகள் என்ன ஆகும்? துளையின் விளிம்பில் வெட்டுப்பட்டதுபோல் அறுந்துபோகும். எலும்பு உடைய வேண்டியதில்லை, ரத்தம் கட்ட வேண்டியதில்லை. மல்லாக்க விழுந்து பின்மண்டையில் அடிபட்டவர்களுக்குத்தான் வாசனை போவது கூடுதல் என்பது பழைய அனுபவம்.

அறுந்த இழை சிடி ஸ்கேனில் தெரியாது. அவ்வளவு மெல்லியதைக் காட்டும் கருவி அது இல்லை. சிடி ஸ்கேன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு: எலும்பு உடைந்ததா, உடனே ஆபரேஷன் செய்கிற அளவுக்கு ரத்தம் கசிகிறதா? அதற்கு அது சரியான பதிலைச் சொல்லியிருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்தால் முன்மடலின் அடிப்பக்கத்தில் கன்றிய இடமோ, அடிபட்ட குமிழோ சில நேரம் தெரியலாம். ஸ்கேன் நார்மல் என்றால் மூளை நார்மல் என்று மொழிபெயர்த்துவிடுகிறோம், தவறு அங்கேதான்.

அந்த ரத்தக்கசிவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு கண் வைக்க வேண்டியிருக்கிறது. மண்டையோட்டுக்குள் இடம் மிச்சம் கிடையாது. ஏறக்குறைய 80 பங்கு மூளை, 10 பங்கு ரத்தம், 10 பங்கு அந்த நீர், அத்தோடு பெட்டி நிறைந்தது. அலெக்சாண்டர் மன்றோ என்ற எடின்பரோ அனாடமி பேராசிரியர் 1783-லேயே இதை எழுதிவிட்டார்: எலும்பு விரியாது, மூளை அமுங்காது, புதிதாக ஒன்று உள்ளே வந்தால் இருப்பதில் ஒன்று வெளியே போயாக வேண்டும். முதலில் நீர் விலகிக் கொடுக்கும், அப்புறம் ரத்தம். இரண்டும் தீர்ந்தபின் மூளையே கீழ்நோக்கி, மண்டையின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெருந்துளையை நோக்கிப் பிதுங்கத் தொடங்கும். அங்கே இருப்பது மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் முகுளம். அது நசுங்கினால் கதை முடிந்தது. காப்பாற்றுவதற்கென்று இருக்கும் பெட்டியே ஆளைக் கொல்வது இப்படித்தான்.

"பொட்டுல அடிச்சா உயிர் போயிரும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். நெற்றிப்பொட்டில் நான்கு எலும்புகள் கூடும் இடத்தில் ஓடு மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு கீறினால் தமனி கிழியும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லப்பா" என்று டீ குடித்துக்கொண்டு பேசுவார். சில மணி நேரத்தில் ரத்தம் டியூராவுக்கு வெளியே சேர்ந்து சேர்ந்து, அவர் சுருண்டு விழுவார். அந்த நடு நேரத் தெளிவை நம்பி வீட்டுக்குக் கூட்டிப்போய் இழந்த குடும்பங்கள் நிறைய. உங்கள் அம்மாவை ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பியது சரியான காரியம்.

அம்மாவுக்கு அந்தக் கண்டம் தாண்டிவிட்டது. இந்த வயதில் கவனிக்க வேண்டியது வேறு, மெதுவான கசிவு. வயதாக ஆக மூளை லேசாகச் சுருங்கும். மூளையிலிருந்து டியூராவுக்குப் போகும் சின்னச் சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியில் ஒன்று அறுந்தாலும் வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேரும். முதல் ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. நாள் போகப் போகத் தலைவலி கூடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பகலெல்லாம் தூங்கி வழிவது, இதில் எது வந்தாலும் "வயசாச்சுல்ல" என்று விடாமல் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரட்டிப்புக் கவனம்.

இன்னொன்றை இன்றைக்கே கேளுங்கள். குனிந்து வேலை செய்யும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டுகிறதா? தொண்டையில் உப்பு ருசியாக இறங்குகிறதா? சளி என்று நினைக்க வேண்டாம். சல்லடைத் தகட்டில் கீறல் விழுந்து மூளைநீர் ஒழுகினால் அப்படித்தான் வரும். நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும், மூளையுறைக் காய்ச்சல் வரும். அப்படி இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கோ, உங்களுக்குப் பக்கமான வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள்.

மூளையில் எது எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். படம் போட்டுப் பாகம் குறிப்பதைவிட அம்மாவின் வேலையை வைத்தே சொல்லலாம். ஏலச்செடியின் தூரில் குனிந்து, பழுத்த காய் எது, பிஞ்சு எது என்று பார்க்கிறார். கண் முன்னால் இருந்தாலும் பார்வையைப் படிப்பது பிடரிப் பக்கத்து மூளை. விழுந்தபோது கண்ணில் பொறி பறந்தது என்று சொல்லியிருப்பார், குலுங்கியது அந்த இடம்தான். காயின் கெட்டித்தன்மையைத் தொட்டு அறிவது உச்சிக்கு இருபுறமும் உள்ள மடல். விரலை அசைக்கும் கட்டளை அதற்குச் சற்று முன்னாலிருந்து கிளம்புகிறது; வலது விரலுக்கு இடது மூளை, இடதுக்கு வலது. கங்காணி மலையாளத்தில் கத்துகிறார், அம்மா புரிந்துகொண்டு தமிழில் பதில் கொடுக்கிறார். புரிந்துகொண்டது இடது காதுக்கு மேலே பின்பக்கம். வாய்வார்த்தையாகக் கோத்தது இடது நெற்றிக்குப் பின்னே. இந்தப் பின்னதைக் கண்டவர் பால் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர், 1861-ல். அவரிடம் வந்த நோயாளி 'டான்' என்ற ஒரு அசையைத் தவிர வேறு எதுவும் பேச முடியாதவர். சரிவில் வழுக்காமல் கால் ஊன்ற வைப்பது பின்னால் கீழே இருக்கும் சிறுமூளை. பெயர்தான் சிறுமூளை, மனித மூளையின் 8,600 கோடி நரம்புச் செல்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் நெருக்கியடித்துக் கிடக்கிறது. இத்தனைக்கும் நடுவே மூச்சு விடுவதை அவர் நினைப்பதே இல்லை. அதை முகுளம் பார்த்துக்கொள்கிறது. விழுந்தவுடன் நினைவு தப்பியதே, அது மூளைத்தண்டிலிருந்து மேலே பரவி நம்மை விழிப்பில் வைக்கும் நரம்புவலை குலுங்கியதால்.

விட்டுப்போனது முன்மடல். அதுதான் அடிபட்ட மணக்குமிழுக்கு மேல்வீட்டுக்காரர். பொறுமை, நிதானம், எதை எப்போது சொல்வது என்ற இங்கிதம் எல்லாம் அங்கே. 1848-ல் அமெரிக்காவில் ரயில்பாதைக்குப் பாறை உடைத்த பினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் புகுந்த ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக்கம்பி உச்சி வழியாக வெளியே போயிற்று. ஆள் பிழைத்தார், பேசினார், நடந்தார்; சுபாவம்தான் மாறிவிட்டது என்று அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் எழுதிவைத்தார். பாடப்புத்தகங்கள் அந்தக் கதையை அதோடு நிறுத்திவிடும். பிற்பாடு அவர் சிலி நாட்டில் சில வருடம் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்ததைச் சொல்ல மறந்துவிடும். அம்மா முன்னைவிடச் சுள்ளென்று கோபப்படுகிறாரா, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் குணக்கேடு என்று சண்டைக்குப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது சாப்பாடு. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, கறிச்சாறு போன்ற உமாமி, இவ்வளவுதான். ரசத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் சொல்வது, மெல்லும்போது தொண்டை வழியாகப் பின்பக்கமாக ஏறும் மணம். அது போனால் மிஞ்சுவது உப்பும் புளிப்பும். அதனால்தான் சக்கை. ருசி இல்லை என்று உப்பைக் கூட்டிப் போட்டுக்கொள்வார், பிரஷர் இருந்தால் அதையும் பாருங்கள்.

மணம் திரும்புமா? உடலில் பெரும்பாலான நரம்புச் செல்கள் செத்தால் செத்ததுதான். மூக்கிலுள்ள இந்தச் செல்கள் விதிவிலக்கு, வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கின்றன. முளைத்த இழை பழைய துளையைக் கண்டுபிடித்து மேலே ஏற வேண்டும். அங்கே தழும்பு அடைத்திருந்தால் வழியில்லை. சிலருக்குத் திரும்புகிறது, சிலருக்கு அரைகுறையாக, பலருக்குத் திரும்புவதே இல்லை. திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள் தெரியும். நடுவில் எல்லாமே கருகிய நாற்றமாகவோ அழுகல் நாற்றமாகவோ தெரியும் ஒரு கட்டம் வரலாம். தொல்லைதான், ஆனாலும் இழைகள் மேலே சேரத் தொடங்கியதற்கு அது அடையாளமாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் வாசனைப் பயிற்சி ஒன்று சொல்வார்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில விநாடி, மாதக்கணக்கில் முகர்வது. எளிது, செலவில்லை, கெடுதலும் இல்லை. அதுவரை அடுப்படியில் கேஸ் கசிந்தால் அம்மாவுக்குத் தெரியாது. சிலிண்டர் வால்வை இரவில் மூடுவது, மீந்த குழம்பு கெட்டுவிட்டதா என்று பார்ப்பது, இரண்டையும் வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தக் "குளுகுளு". அது மணநரம்பின் வேலை இல்லை. மூக்கிலும் வாயிலும் எரிச்சல், குளிர்ச்சி, காரம் இவற்றை உணர்வது அந்த 12 ஜோடியில் ஐந்தாவது நரம்பு. அது வேறு பாதையில் மூளைத்தண்டுக்குப் போகிறது. ஏலக்காய் எண்ணெயில் சினியோல் என்ற பொருள் கணிசமாக உண்டு, யூகலிப்டஸ் தைலத்திலும் அதுதான். அது ஐந்தாவது நரம்பைத் தொட்டால் குளிரும். அம்மாவுக்கு ஐந்தாவது நன்றாக இருக்கிறது, முதலாவதுதான் அறுந்திருக்கிறது. ஒரே காயை மென்று இரண்டு நரம்பையும் பிரித்துச் சொல்லிவிட்டார். மூன்றாம் வருட மாணவனிடம் கேட்டால்கூட இவ்வளவு சுத்தமாகப் பதில் வராது.

டாக்டரிடம் போகுமுன் வீட்டிலேயே ஒரு தடவை பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்கை அடைத்துக்கொண்டு, மற்றதன் கீழே காப்பித்தூளைக் காட்டுங்கள். பிறகு பக்கம் மாற்றிக் குளிக்கிற சோப்பு. எந்தப் பக்கம் எது தெரிந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விக்ஸ், அமிர்தாஞ்சன், மிளகாய் எதுவும் வேண்டாம், ஐந்தாவது நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஏலக்காயும் வேண்டாம். குளிர்ச்சியை வைத்தே என்னவென்று சொல்லிவிடுவார், முப்பது வருடம் எடுத்த காய் அது.